இல்லாத கோப்பு

மகன் செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவனுடைய அலுவலக லேப்டாப்பை வாங்கிப்போக மதியம் ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அதிலிருந்த படங்களைத் தன் கணினிக்கு மாற்ற அப்பா உட்கார்ந்தார்.

"பென் டிரைவ், ஃபோல்டர் ஷேரிங் எல்லாத்தையும் ஆபீஸ்ல பூட்டி வெச்சிருக்காங்க அங்கிள். பிரவுசர் வழியா இறக்கிக்கலாம்," என்று மகனின் நண்பன் போனில் வழி சொன்னான்.

அவன் சொன்னபடி தட்டியதும், எந்த நம்பர் கணினி எந்தக் கோப்பைக் கேட்கிறது என்பது லேப்டாப்பின் கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடியது. முந்நூற்று நாற்பது படங்களும் வந்து சேர்ந்தன. அப்புறமும் வரிகள் நிற்கவில்லை.

"வேற நம்பர் ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்குப்பா."

"வீட்ல இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கா அங்கிள்?"

"இந்த ரெண்டுதான்."

அது ஒரே கோப்பைத்தான் கேட்டது: 'அப்பா பேசினது'. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் 'இல்லை' என்று விழுந்தது.

மகனோடு அவர் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

லேப்டாப்பின் மைக்கையும் பூட்டியிருந்தார்கள். தன் கணினியில் ஒலிப்பதிவைத் திறந்து, "டேய் கண்ணா," என்றார். அந்த இரண்டு சொல்லோடு பதிவை நிறுத்தினார். அதையே அந்தப் பெயரில் சேமித்தார்.

"இதை அந்த லேப்டாப்புக்கு எப்படிப்பா அனுப்பறது?"

"முடியாது அங்கிள். இந்த வழியில அதுலேருந்து எடுக்கத்தான் முடியும். போட முடியாது."

வாசலில் மணி அடித்தது. கறுப்புத் திரையில் அந்தப் பெயர் மறுபடியும் விழுந்தது.