ஏலக்காரரின் எச்சில்

காலையில் ஆஸ்பத்திரியின் பறக்கும் பெட்டி வந்து ஊசிக் கருவியை எடுத்துக்கொண்டு போனது. பிலோமினாவின் கைபேசிக்கு அங்கிருந்து ஒரு செய்தியும் வந்தது. "ஆய்வு முடிந்தது. உங்கள் கணவருக்குக் கொடுத்தது பொய்க் கருவி. அதன் ஊசிகள் காதைத் தொட்டன, குத்தவில்லை. அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்."

தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததிலிருந்து லூர்துவுக்கு வாயில் எச்சிலே ஊறவில்லை. துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர் அவர். எட்டு வாரம் தினமும் பிலோமினா கருவியைக் காதில் மாட்டிவிட்ட பிறகுதான் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வேலைக்குப் போகிறார்.

"பிலோ, ஊசியப் போடு, நேரமாச்சு." காதைக் காட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊசி என்றாலே பயம், ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் கொண்டை ஊசியின் மழுங்கிய முனையை அவர் காதில் ஆறு இடங்களில் வைத்து அழுத்தினாள்.

"இன்னைக்கு நல்லா எறங்குது" என்றார். அவர் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நம்ம தொறைமுகத்து எட்வினுக்கும் கதிர் வச்சதுல வாய் காஞ்சு கெடக்குல்லா? டாக்டரே கையால ஊசி போட இன்னைக்கு வரச் சொல்லியிருந்தாவளாம். அங்க எதுக்குல அலையுத, எங்க வீட்டுக்கு வா, பிலோ போட்டுவிடுவான்னேன். ஆஸ்பத்திரிக்கு வரலன்னு சொல்லிட்டான். இந்தா, வந்துட்டான்."

எட்வின் உள்ளே வந்து உட்கார்ந்து காதைக் காட்டினார்.

அவர் கண்ணை மூடவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.