வளையத்தில் ஒரு முடி

தொட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உமாபதி கண்ணாடித் துளையில் கண்ணை வைத்திருந்தான். பார்த்தசாரதி கைப்பம்பை அழுத்தினான். இரும்புத் தொட்டியின் மேலிருந்த அழுத்தமானியின் முள் மெல்ல ஏறி ஆறில் நின்றது. அறுபது மீட்டர் ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு.

எர்லாங்கன் ஊரின் ஓரத்தில், சைக்கிள்கள் சாய்த்து வைத்த முற்றத்துக்குப் பின்னால் இருந்தது அந்தப் பட்டறை. நீருக்கடியில் போகிறவர்களுக்கான கைவிளக்குகளை மட்டுமே அங்கே செய்தார்கள். 1971. அன்று மதியத்துக்குப் பிறகு தீயணைப்புப் படையின் முக்குளிப்பாளர்கள் வந்து முதல் தொகுதியை எடுத்துப்போவதாக இருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. உமாபதிக்கு அந்த நேரம் பிடிக்கும். யாரும் எதுவும் பேசவேண்டியதில்லை.

பிறகு விளக்கின் கழுத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று.

முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது. பல்பு தண்ணீருக்குள்ளும் சற்று நேரம் எரிந்தது. மஞ்சளானது. சிவந்தது. அணைந்தது.

"போச்சு," என்றான் பார்த்தசாரதி.

ஃபோர்மேன் குன்ஸ்மன் வந்து அழுத்தத்தை இறக்கி, தொட்டியின் மூடியைத் தானே கழற்றினார். விளக்கைத் துடைத்து, திருகித் திறந்து, உள்ளிருந்த கருப்பு ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீரை வெளியே நிறுத்துவது அந்த வளையம் ஒன்றுதான்.

கிரீஸில் ஒரு முடி ஒட்டியிருந்தது.

அது போதும். வளையம் சரியாகப் படியாது. தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

இடுக்கியால் பிடித்து இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. கருப்பு. ஒரு முழம் இருக்கும்.

வளையம் பொருத்துகிற மேசையில் நான்கு பெண்கள். மூன்று பேர் உள்ளூர்க்காரர்கள், வைக்கோல் நிறத் தலை. நான்காவது டெஸ்பினா, கிரேக்கத்துப் பெண்.

குன்ஸ்மன் சத்தம் போடவில்லை.

"போன மாதமே சொன்னேன், இன்னொரு முடி வந்தால் வீட்டுக்கு என்று. கீழே இருட்டில் ஒருவனுக்கு இது அணைந்தால்?"

நியாயமான கேள்விதான்.

வீடு என்றால் கிரேக்கம். இந்த வேலை இருக்கும்வரைதான் அவள் ஜெர்மனியில் இருக்கலாம். அது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

டெஸ்பினா தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போன மாதம் திட்டு வாங்கியதிலிருந்து புருவம்வரை இறக்கிக் கட்டுகிறாள். ஒரு இழைகூட வெளியே தெரிவதில்லை.

"இது இந்தத் துணிக்குள்ளிருந்து விழவில்லை, ஹெர் குன்ஸ்மன்."

"அப்படியானால் என் தலையிலிருந்தா?" என்று தன் வழுக்கையைத் தட்டிக் காட்டினார்.

ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாயங்காலம் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்," என்றார் குன்ஸ்மன்.

டெஸ்பினா யாரையும் பார்க்கவில்லை. கைகளைத் துணியில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.

தொட்டியிலிருந்து தண்ணீர் வடியும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த விளக்கைக் கடைசியாகத் திறந்தது நான்," என்றான் உமாபதி.

குன்ஸ்மன் திரும்பினார்.

"சோதனைக்குப் புது பாட்டரி போட்டேன். வெள்ளைக் கோட் போட்டுக்கொள்ளவில்லை, இந்த ஸ்வெட்டரோடுதான் திறந்தேன். முடி என் மேலிருந்து விழுந்தது."

"உங்கள் மேல் ஏது இவ்வளவு நீள முடி?"

சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதுபோல உமாபதி நின்றான்.

"என் மனைவியுடையது," என்றான்.

குன்ஸ்மன் முடியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். இந்தியன். இந்திய மனைவி. நீளமான கருப்பு முடி. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

"கோட் இல்லாமல் விளக்கைத் திறக்கிறவன் எனக்குச் சோதனையில் வேண்டாம்," என்றார். "நாளையிலிருந்து பெட்டி கட்டும் அறைக்குப் போங்கள்."

"சரி."

டெஸ்பினாவின் பக்கம் கையை அசைத்தார். வேலையைப் பார் என்று அர்த்தம். கதவுவரை போய் நின்றார்.

"ஹெர் உமாபதி, உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். இனிமேல் தலையை நன்றாக வாரிவிட்டு உங்களைக் கட்டிப்பிடிக்கட்டும்."

இந்த முறை மூன்று பெண்களும் சிரித்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

பார்த்தசாரதி பம்பை விட்டுவிட்டு வந்து தமிழில் கேட்டான். உமாபதியோடு மூன்று வருடமாக ஒரே அறையில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவன்.

"டேய், என்னடா கதை விடறே? ஊர்ல உங்கப்பா இன்னும் பொண்ணு பார்த்துண்டிருக்கார். ரூம்மேட் எனக்கே தெரியாம எப்படா ஆச்சு கல்யாணம்?"

"இப்பத்தான்," என்றான் உமாபதி.

டெஸ்பினா அடுத்த வளையத்தை எடுத்துக் கிரீஸ் தடவத் தொடங்கியிருந்தாள். விரல் வளையத்தைச் சுற்றி மெதுவாகப் போய் வந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

"தலையை நன்றாக வாரிக்கொள்கிறேன்," என்றாள் ஜெர்மனில்.