தீர்ப்புக்கு முன் ஒரு வார்த்தை

நீதிமன்ற அறையின் கடைசி பெஞ்சில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். எதிரே, உயர்ந்த நாற்காலியில் இருந்த நீதிபதி அவருடைய மனைவி.

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவருக்கு வீட்டில் அந்த ஒரு வாயிடம் மட்டும் பாச்சா பலித்ததில்லை. எந்த வழக்கில் என்ன தீர்ப்பு என்று அவள் ஒருநாளும் மூச்சு விட்டதில்லை.

இன்றைக்கு மார்க்கெட் வழக்கு. பாலம் கட்ட மார்க்கெட்டை இடிக்க வேண்டும் என்கிறது அரசாங்கம். கூடாது என்கிறார்கள் கடைக்காரர்கள். கடையை அடைத்துவிட்டு அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அறையில் மீன் வாடை வீசியது.

அந்த நாட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். அடுத்த வாரம் அங்கே ஓட்டெடுப்பு. அவளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்புவதா, வேண்டாமா என்று. ஆளுங்கட்சி மனசு வைத்தால்தான் உண்டு. அந்தப் பதவிக்காக அவள் ஆலாய்ப் பறந்தாள் என்றே சொல்லலாம்.

தீர்ப்பை இரண்டு வாரம் தள்ளி வைத்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று காரில் வரும்போதுகூடக் கெஞ்சிப் பார்த்தார். தேதி கொடுத்தாயிற்று என்றாள்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அறை அடங்கியது.

"தீர்ப்பைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்றத்துக்கு என் பேரை எடுத்துக்க வேண்டாம்னு காலையிலேயே சொல்லிட்டேன்."

கடைக்காரர்கள் பக்கம் கைத்தட்டல் காதைப் பிளந்தது. அவர்களுக்குத் தலைவியான வெங்காயக் கடைக்காரம்மா பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அரசாங்க வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. பதவியையே உதறுகிறாள் என்றால் தீர்ப்பு எந்தப் பக்கம் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே.

பல் டாக்டருக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே, சொன்னால் வெட்கம், பெருமையாகவும் இருந்தது.

அவள் மேஜையைத் தட்டினாள். பிறகு நிறுத்தி நிதானமாகப் படித்தாள். நிலத்தை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நஷ்ட ஈடு முறைப்படி தரப்பட்டிருக்கிறது. மாற்று இடமும் தயார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

மனு தள்ளுபடி. மார்க்கெட்டை இடிக்கலாம்.

வெங்காயக் கடைக்காரம்மா விருட்டென்று எழுந்தாள். வாய் நிறைய வசவோடுதான் எழுந்தாள். நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள். பதவிக்கு விலை போய்விட்டாள் என்று இவளைச் சொல்ல முடியாது. வசவை விழுங்கிவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தோத்துட்டோம். வாங்க, போய்ச் சாமானை எடுத்து வைக்கலாம்."

ஒவ்வொருவராக வெளியே போனார்கள். யாரும் கத்தவில்லை.

பல் டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. பேசாமல் இந்தத் தீர்ப்பை மட்டும் படித்திருந்தால், அடுத்த வாரம் ஆளுங்கட்சி அவளுக்கு இரண்டு கையையும் தூக்கி ஓட்டுப் போட்டிருக்கும்.