வாய்க்கு வந்த பெயர்

செப்டம்பர் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, மூன்று ஆண்டுகளாக மிதிக்காத அடுத்த வீட்டுப் படியைத் தையற்காரி ஒரே மாதத்தில் இரண்டாம் முறையாக மிதித்தாள்.

முதல் முறை அலறல் கேட்டு ஓடிவந்தாள். இம்முறை பங்குச் சாமியார் வரச்சொல்லியிருந்தார்.

கூடத்தின் நடுவில் சாமியார் அமர்ந்திருந்தார். மூலையில் பேக்கரிக்காரரின் மனைவி, மடியில் பெண்குழந்தையுடன் இருந்தாள். தையற்காரியின் கணவர், சுரூபங்களை ஏற்காத வேறொரு சபையின் மூப்பர். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

இரு வீட்டுக்கும் பொதுச் சுவர் ஒன்று உண்டு. அதை ஒட்டிப் பேக்கரிக்காரர் வீட்டார் மூன்று ஆண்டுகளுக்கு முன் மாதா சுரூபம் வைத்தார்கள். அது கண்ணில் படக் கூடாதென்று மூப்பர் சுவரை ஆள் உயரத்துக்கு எழுப்பினார்.

அன்றுமுதல் பேக்கரிக்காரரின் மனைவி தையற்காரியின் பெயரைத் தன் வாயால் சொன்னதே இல்லை. 'அந்த வீடு' என்பாள். கோபம் முற்றினால், 'சுவர்க்காரி'.

"அன்னிக்குப் புள்ளைக்கு ஊத்துனது வெறும் தண்ணிதான் சாமி," என்றாள் பேக்கரிக்காரர் மனைவியின் மாமியார். "இவங்க சபையில பச்சப்புள்ளைக்கு ஊத்தவே மாட்டாங்க. வளர்ந்து, தானா விசுவாசிச்சு, தொட்டியில முங்கி எழணும். நம்பிக்கை இல்லாதவ ஊத்துனது எப்படிச் செல்லும்? நீங்களே முறையா ஒரு தடவை ஊத்திருங்க."

சபையைப் பற்றி அவள் சொன்னதில் பிழையில்லை.

குழந்தை பிறந்த அன்று தெரு முழுவதும் வெள்ளம். வண்டி தேடிப் போன ஆண்கள் திரும்பவில்லை. மாமியார் மூத்த மகன் வீட்டில் இருந்தாள். மாதம் நிறையும் முன்னே பிறந்த குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. முதுகைத் தட்டியும் மூச்சு வரவில்லை. "ஞானஸ்நானம் இல்லாமப் போயிடக் கூடாது... தண்ணி ஊத்துங்க" என்று கெஞ்சிய தாய், அத்துடன் மயங்கிப் போனாள்.

தையற்காரி டம்ளரை எடுத்தாள். தன் சபைத் தொட்டியருகே நின்று கேட்டுப் பழகிய சொற்களைச் சொல்லி ஊற்றினாள்.

"என்ன நெனச்சு ஊத்துனீங்கம்மா?" என்று சாமியார் கேட்டார்.

தாயைத் தேற்றுவதற்காக ஊற்றினேன் என்று சொன்னால் போதும். குழந்தைக்கு மறுபடியும் ஊற்றிவிடுவார்கள். ஞாயிறுதோறும் தன்னிடம் வேதபாடம் படிக்கும் பிள்ளைகளும் தன்னிடமே இருப்பார்கள்.

வாசலில் கணவர் தொண்டையைச் செருமினார்.

"சும்மா ஊத்தல ஐயா," என்றாள் தையற்காரி. "இவங்க கோவில்ல எதுக்கு ஊத்துவாங்களோ, அதுக்காகத்தான் ஊத்தினேன். புள்ள கைய விட்டுப் போகுது. அப்போ எங்க சபை, ஒங்க சபைன்னு பாக்கத் தோணல."

செருமல் நின்றது.

"என்ன பேர் சொன்னீங்க?"

அதுவரை நிமிர்ந்திருந்த தையற்காரியின் தலை அப்போதுதான் தாழ்ந்தது.

"இவங்க என்ன பேரு நெனச்சிருந்தாங்களோ, தெரியல. கேக்கறதுக்குள்ள மயங்கிட்டாங்க. பேரில்லாம எப்படி ஊத்தறது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கல, புள்ள வீல்னு கத்திருச்சு."

"அதான், என்ன பேரு?"

"என் பேருதான்."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெயரை மட்டும் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை என்றார். எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள்.

பேக்கரிக்காரரின் மனைவி குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"அந்தப் பேருக்குத்தானே சாமி அழுதுச்சு. அதுவே இருக்கட்டும்."

முடிவானது இதுதான். கோவிலின் நோக்கத்தோடு, முறையான சொற்களைச் சொல்லி ஊற்றியதால் அந்தத் தண்ணீர் செல்லும். மறுபடியும் ஊற்றக் கூடாது. எண்ணெய் பூசுதல் முதலிய சடங்குகள் மட்டும் கோவிலில் நடைபெறும். தையற்காரி ஆறு மாதம் வேதபாட வகுப்பு நடத்தலாகாது என்று அவளுடைய சபையார் தீர்மானித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவள் கணவர் போகவில்லை. பெயர் மாற்றப்படவில்லை.

சுவர் அப்படியேதான் இருக்கிறது. பால் கொடுக்க, குளிப்பாட்ட, தூங்கவைக்க என்று நாள் முழுதும் பேக்கரிக்காரரின் மனைவி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு முறையும் சுவருக்கு இந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஒரு கணம் நின்று, பிறகு ஓடுகிறது.