ஏழாம் எண் கட்டில்

கட்டிலைச் சுற்றி ஆறு மருத்துவ மாணவர்கள். கேஸ் ஷீட்டில் 'தைராய்டு குறைவு?' என்றிருந்தது.

"முகம் எப்படி ஊதியிருக்கு பாருங்க," என்ற பேராசிரியர், படுத்திருந்தவரின் குதிகாலுக்கு மேல் சுத்தியலால் தட்டினார். "பாதம் எவ்வளவு மெதுவா பழைய நிலைக்குத் திரும்புது, தெரியுதா?"

மதிப்பெண் அவர் கையில் இருந்ததால் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

"எச்சில் முழுங்குங்க."

கழுத்தைத் தொட்ட மாணவி, "வீக்கம் மேலே ஏறுது சார்," என்றாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்..." என்றார் படுத்திருந்தவர்.

"கரகரத்த குரல், இழுவைப் பேச்சு. எழுதிக்கோங்க."

"பேஷண்ட் என் தம்பிங்க. டீ குடிக்கப் போயிருக்கான். கட்டிலை வேற யாரும் பிடிச்சிடக் கூடாதுன்னு நான் படுத்திருக்கேன்."

பேனாக்கள் நின்றன.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணனுக்கும் இருக்கு. பரம்பரை வியாதின்னு எழுதிக்கோங்க."