தண்ணி ஜாஸ்தி

“இந்த வாட்ச்மேனை வெச்சிக்கிட்டு எங்க புள்ளைங்கள இங்க தங்க வைக்க முடியாது சார்.”

ஜெயராணி டீச்சர் நோட்டைத் திருப்பி மணவாளன் பக்கமாகத் தள்ளினாள்.

கிள்ளையைத் தாண்டி, உப்பங்கழி ஓரத்துச் சவுக்குத் தோப்பில் பத்துக் கூடாரம் போட்டு மணவாளன் நடத்துகிற முகாம் அது. தங்கிப் போகிறவர்கள் எழுதிவைக்க மேசையில் ஒரு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் ‘அருமை’, ‘மீண்டும் வருவோம்’. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும், குண்டு குண்டான எழுத்தில் இரண்டு வரி:

‘ராத்திரியில் இங்கே தண்ணி ஜாஸ்தி. பிள்ளைகளோடு வருகிறவர்கள் யோசித்து வரவும்.’

கீழே பெயர் இல்லை.

மணவாளன் சிரித்தார். “எவனாவது பாண்டிச்சேரிக்காரன் எழுதியிருப்பான் டீச்சர். கெடக்கட்டும்னு விட்டுட்டேன். சில பேருக்கு அதுவே வெளம்பரம்.”

“எனக்கு வெளம்பரம் இல்ல சார்.”

கடலூரிலிருந்து நாற்பது சாரணியர் வருகிறார்கள். ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்த அப்பா அம்மாக்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “ஜெயராணி டீச்சர் கூடப் போறாங்களா?” ஆமாம் என்றதும் பேனாவை வாங்கிக்கொண்டார்கள்.

அதனால்தான் அவள் எதையும் விசாரிக்காமல் விடுவதில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்த முகாமைப் பற்றி வந்திருந்தது அத்தனையையும் பிரிண்ட் எடுத்திருந்தாள். நாலரை நட்சத்திரம். நட்சத்திரத்தை அவள் நம்பவில்லை. நல்லதாக எழுதுகிறவர்கள் மரியாதைக்கு எழுதுவார்கள். குறை எழுதுகிறவன்தான் உள்ளதை எழுதுவான்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

“நோட்டுல மட்டும் இல்ல. இதையும் பாருங்க. ‘இடம் பிரமாதம். ஆனால் காவலாளி நடுராத்திரியில் கைக்குழந்தையோடு எங்களை எழுப்பி, ரோட்டுக்கு விரட்டினார். ஒரு நட்சத்திரம் குறைத்தது அவருக்காகவே.’ ”

மணவாளனின் சிரிப்பு போய்விட்டது. “இத இண்டர்நெட்டுல வேற போட்டுட்டாங்களா?”

காவலாளி காத்தவராயன் டீ கொண்டுவந்தான். ஐம்பது வயதிருக்கும். கண் இரண்டும் செவசெவ என்றிருந்தன. மேசையில் வைக்கும்போது தம்ளர் ஆடி, டீ கொஞ்சம் தளும்பியது.

ஜெயராணி மூச்சை இழுத்துப் பார்த்தாள். வாடை வரவில்லை. பாக்கு போட்டிருப்பான்.

“ராத்திரி தூங்கலியா?”

“இல்லீங்க. நேத்து அமாவாச.”

“அமாவாசைன்னா தூங்க மாட்டீங்களா?”

அவன் மணவாளனைப் பார்த்தான்.

“அமாவாச, பௌர்ணமின்னா இவனுக்கு இதே கூத்து டீச்சர்,” என்றார் மணவாளன். “ராத்திரியெல்லாம் டார்ச்ச வெச்சிக்கிட்டு தோப்பச் சுத்துவான். பகல்ல நின்னுக்கிட்டே தூங்குவான்.”

“நீங்களே சொல்றீங்க. இன்னும் ரெண்டு வாரத்துல பொம்பளப் புள்ளைங்க நாப்பது பேரு வர்றாங்க. ராத்திரியில டார்ச்சோட ஒரு ஆளு கூடாரத்தச் சுத்தி வந்தா நான் என்ன பண்றது? ஒண்ணு இவரு இருக்கணும், இல்லாட்டி நாங்க வரணும்.”

மணவாளன் யோசிக்கக்கூட இல்லை.

“காத்தவராயா, நாளைலேர்ந்து வர வேணாம். துணியெல்லாம் எடுத்துக்க.”

அவன், டீச்சர் குடித்து முடித்திருந்த தம்ளரை எடுத்துக்கொண்டு போனான்.

ஜெயராணி படிவத்தில் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மனசு லேசாக இருந்தது. ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் நாற்பது பெண்களைக் காப்பாற்றியாயிற்று.

பஸ் பிடிக்க மெயின் ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். தோப்பில் சவுக்கு மரங்களின் அடிப்பாகத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு படிந்து காய்ந்து வெளுத்திருந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கையில் ஒரு துணிப்பையோடு காத்தவராயன்.

சண்டைக்கு வருகிறானோ என்று ஒதுங்கி நின்றாள். அவனும் நாலடி தள்ளியே நின்றான்.

“டீச்சர், ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். ரெண்டு வாரம்னா அது பௌர்ணமி. புள்ளைங்கள கழியோரம் படுக்க வெக்காதீங்க. கடலு ஏறும். ராத்திரியில தண்ணி ஜாஸ்தி.”

ஜெயராணிக்கு அந்த நோட்டின் குண்டு எழுத்து கண்முன் வந்தது.

“அது... அத எழுதினது?”

“நாந்தாங்க.”

“கடல் தண்ணின்னு எழுத வேண்டியதுதானே!”

“எழுதினேங்க. ரெண்டு தடவ. ‘பௌர்ணமிக்குக் கடலு உள்ள வரும்’னு எழுதுனத மொதலாளி கிழிச்சிட்டாரு. மூணாந்தடவ வெறும் தண்ணின்னு எழுதினேன். அவரு அத வேற தண்ணின்னு நெனச்சி விட்டுட்டாரு.”

“அந்தக் கைக்குழந்தக்காரங்க...?”

“அவுங்க ரோட்டுல ஏறி நின்னு என்னத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. கீழ பாயி மெதந்துச்சு. இருட்டுல அவுங்களுக்குத் தெரியல.”

தூரத்தில் சிதம்பரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவன் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

“எந்தத் தண்ணின்னு படிச்சாலும் புள்ளைங்களக் கூட்டியார மாட்டாங்கன்னுதான் அப்படி எழுதினேன் டீச்சர். என்னைய அனுப்பிட்டுக் கூட்டியாருவாங்கன்னு நெனைக்கல.”