யாரும் எழுந்து போகவில்லை

"கதவுல கை வைக்காதீங்க மாமா. ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தாலும் நாம மாட்டிக்குவோம்!"

இருட்டில் பதுங்கியிருந்த இருவரில் இளையவன் கிசுகிசுத்தான். மூத்தவர் பிடித்த கதவுக் குமிழை விட்டுவிட்டு, பல்லைக் கடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே பெரிய கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம், தங்களை யாரோ பார்க்கிறார்கள் என்பதே தெரியாமல், அப்பா, அம்மா, மகள், மகன் என்று ஒரு குடும்பம்.

மூத்தவர் வீடியோ கேம் பெட்டி தயாரிக்கும் கம்பெனியின் முதலாளி. இளையவன் அவருடைய மனைவியின் தம்பி, பெட்டியை வடிவமைப்பவன். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. இந்த அறையில் வெளிச்சம் விழுந்தால் ஜன்னலாகிவிடும், சோதனையும் பாழ்.

"எவ்வளவுதான் பண்றது மச்சான்? விலையைக் குறைச்சோம். கலரை மாத்தினோம். பழைய விளையாட்டுக்கெல்லாம் புதுச் சட்டை போட்டோம். இப்ப குடோன்ல எலிதான் விளையாடுது."

"எல்லாத்தையும் தனியா உக்காந்து ஆடுறவனுக்கே செஞ்சோம் மாமா. அவன்தான் போனைத் தூக்கிட்டு ஓடிட்டானே. இது குடும்பத்துக்கு. கையில எதையும் பிடிக்க வேணாம், எழுந்து நின்னு கையை ஆட்டினா டிவி மேல இருக்கிற கேமரா பாத்துக்கும். நாலு பேரும் சேர்ந்து துடுப்புப் போட்டாத்தான் வெள்ளத்துல படகு கரை சேரும்."

"முதல்ல நாம கரை சேரணும். பேச்சு பேச்சா இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள்ள ஒருத்தர் அலுத்துப்போய் வெளிய நடந்தாலும் உன் பிரிவுக்குப் பூட்டு. உங்கக்கா எனக்குச் சோறு போடலைன்னாலும் சரி."

பூட்டு விழுந்தால் இளையவனோடு அவன் ஆட்கள் அத்தனை பேரும் தெருவில். போரடித்தால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று அந்தக் குடும்பத்திடம் அவனே சொல்லி வைத்திருந்தான். புது மாடல் ரகசியம் கசியக் கூடாது என்று எல்லார் போனும் வரவேற்பறையில் இருந்தது.

"சத்தத்தைக் கூட்டுடா. என்ன பேசிக்கிறாங்கன்னு கேப்போம்."

"அந்த அறைச் சத்தம் வெளிய வராது. ஸ்பீக்கரையும் நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். வாய் பொய் சொல்லும் மாமா, மூஞ்சி சொல்லாது."

"நானும் உங்கக்கா மூஞ்சியைப் பாத்துத்தான் சாதுன்னு நினைச்சேன்."

டிவியின் முதுகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. அதைத் தாண்டி நாலு முகங்கள். கொஞ்ச நேரம் எல்லாரும் துடுப்புப் போட்டார்கள். பிறகு மகள் கொட்டாவி விட்டாள்.

அப்பா எழுந்து, கண்ணாடி வழியே தெரியாத ஓரத்துக் கதவுப் பக்கம் போனார்.

"போறார் பார்! கடையைக் கட்டு மச்சான்."

இளையவன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அப்பா திரும்பி வந்து மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து அம்மா போனாள். அவளும் திரும்பி வந்தாள்.

"பாத்தீங்களா? வாசல் வரைக்கும் போயும் விட்டுட்டுப் போக மனசு வரல!"

அதற்கப்புறம்தான் அந்த அறைக்கு உயிரே வந்தது. மகன் கேமராவுக்கு நேரே நின்று இரண்டு கையையும் வீசினான். மகள் சோபா மேல் ஏறிக் குதித்தாள். அப்பா சட்டைக் கையை மடித்து விட்டுக்கொள்ள, அம்மா அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"சண்டை போடுறாங்களேடா?"

"துடுப்பைத் தப்பாப் போட்டா எந்தப் பொண்டாட்டி சும்மா விடுவா?"

அம்மா கண்ணாடிக்கு எதிரில் வந்து, தலைக்கு மேல் கை கூப்பினாள்.

"அந்தம்மா எதுக்குக் கும்பிடுது?"

"கடைசிக் கட்டம் மாமா. கரை தெரியுது, படகு முழுகுது. வேண்டிக்கிறாங்க." அவன் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டான். "மூஞ்சியப் பாருங்க. எப்படி வேர்த்து வழியுது!"

ஒரு மணி நேரம் கடந்தது. முதலாளி அவன் தோளைத் தட்டினார். ஆனால் அவர் முகமும் வேர்த்திருந்தது. வரும்போது அவர் அடுத்தடுத்துக் குடித்த டீ இப்போது வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், எனக்கு அவசரம்."

"அவங்க போகாம நாம போக முடியாது மாமா."

"ஜெயில்ல கூட மூலையில ஒரு பானை வைப்பாங்கடா!"

இன்னொரு மணி நேரம். கண்ணாடிக்கு அப்பால் ஒருவரும் வெளியேறவில்லை. இருட்டில் முதலாளி ஒற்றைக் காலில் நின்றார், சுவரில் நெற்றியை முட்டினார், கடைசியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஜெயிச்சுட்ட. பணம் தர்றேன், ஆள் தர்றேன், என்ன கேட்டாலும் தர்றேன். என்னை வெளிய விடுடா!"

இளையவன் கதவைத் திறந்தான். முதலாளி ஓடினார். போகிற போக்கில் வரவேற்பறையில் போனைப் பிடுங்கிக்கொண்டார். கழிவறைக்குள்ளிருந்து, தொழிற்சாலை மேனேஜரிடம் அவர் போடும் சத்தம் கட்டிடம் முழுக்கக் கேட்டது.

"மூடுற வேலையை நிறுத்துய்யா! எல்லா லைனையும் ஓட்டு, குடோன் நிறையணும். ரெண்டு மணி நேரமா ஒருத்தன் எழுந்து போகல!"

இளையவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தலையைக் கோதிவிட்டு, வாயெல்லாம் பல்லாகப் போய்ச் சோதனை அறைக் கதவைத் திறந்தான்.

நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் அப்பா அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில் கேட்டார்:

"உள்பக்கம் கைப்பிடியே இல்லாத கதவை எந்த மடையன்யா போட்டான்?"